வேலிக்கு உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு

அந்த வெள்ளாட்டப் பாத்தீங்களா? தாண்டிருச்சு, விடுங்க. ரோட்டோரம் வெச்ச செடிக்குக் கம்பிக்கூண்டு போட்டிருக்காங்கல்ல, அதுமேல முன்னங்கால் ரெண்டையும் தூக்கி வெச்சு, கழுத்த உள்ள விட்டு நுனிய இழுத்துக்கிட்டு நின்னுது. அதப் பாத்துத்தான் சிரிச்சேன். உங்களப் பாத்துச் சிரிக்கலீங்க. நீங்க மூஞ்சியத் திருப்பிக்கிட்டீங்க, எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு.

கடிபட்ட செடியப் பாத்துப் பாத்தே நாலு மாசம் சம்பளம் வாங்கினேன்னு சொன்னா நம்புவீங்களா? நம்ம ஊரு செடியில்லீங்க. சீமையில, பனி கொட்டற காட்டுல இருக்கற செடி. திருச்செங்கோட்டுல உக்காந்துக்கிட்டுப் பாத்தேன்.

நீங்க நாமக்கல்லுங்களா? நான் எலச்சிபாளையம் தாண்டி, கோழிப்பண்ணை ஸ்டாப்புல எறங்கணும். இன்னும் நேரம் கெடக்குது. பைய இப்படி வெச்சுக்குங்க, காலுக்குள்ள இடிக்குது.

எங்க ஆபீசு, போர் போடற ரிக்கு வண்டிக்குச் சாமான் விக்கற கடைக்கு மாடியில. இருவத்திரெண்டு பொம்பளைங்க, இருவத்திரெண்டு கம்ப்யூட்டரு. பெட்டி போடற வேலைன்னு சொல்லுவோம். வேற ஒண்ணுமில்ல, வெளிநாட்டுல இருந்து படம் வரும். படத்துல எது எதுன்னு பாத்து அதச் சுத்தி மவுசால ஒரு கட்டம் போடணும். கார்னா கார் கட்டம், நாய்னா நாய்க் கட்டம். லட்சம் படத்துல நாம போட்டுக் குடுத்தா அதப் பாத்து மிசினு கத்துக்குமாம். மொதல்ல ரோட்டுப் படம் வந்துது. அப்பறம் பல்லு. எட்டு மாசம் ஊரான் பல்லையே பாத்துட்டு, வீட்டுக்குப் போனா சோறு எறங்காது.

நான் அங்க செக்கிங். மத்தவங்க போட்ட கட்டம் சரியா இருக்குதான்னு பாக்கறது நானு. பி.காம் படிச்சிருக்கேன், இங்கிலீசு கொஞ்சம் வரும், அதனால வெளிநாட்டுக்காரங்க வீடியோவுல வந்தா பேசறதும் நாந்தான். மேனேஜரு தீனதயாளன் சாருக்கு என்மேல அவ்வளவு நம்பிக்கை.

போன வருசம் தை மாசம் இந்தக் காட்டு வேலை வந்துது. எந்த நாடுன்னு மட்டும் கேக்காதீங்க. வெளிய சொல்லமாட்டேன்னு கையெழுத்து போட்டுக் குடுத்திருக்கோம், நான் அதெல்லாம் மீறமாட்டேன். வடகோடின்னு வெச்சுக்குங்க. பாதி வருசம் பனி.

அங்க ஒரு மான் இருக்குதுங்க. மான்னா புள்ளிமான் கணக்கா நெனைக்காதீங்க. எரும ஒசரம், கழுத மூஞ்சி. அதோட பேரு எங்காளுங்க வாயில நுழையல, கழுதமான்னு வெச்சுக்கிட்டோம். பனிக்காலத்துல தின்ன ஒண்ணும் கெடைக்காம அது எளஞ்செடியோட கொழுந்தக் கடிச்சிருதாம். கொழுந்து போனா மரம் எப்படி மேல வரும்? காடு காடா வராம புதராவே நிக்குதுன்னு ஒரு கூட்டம், மானச் சுட்டுக் கொறைங்கன்னு சொல்லுது. இன்னொரு கூட்டம், மான் மேல பழி போடாதீங்கன்னு சொல்லுது. சரி, கண்ணால பாத்துரலாம்னு அங்க ஒரு பெரிய படிப்புப் படிச்ச அம்மா எறங்குனாங்க. இங்கெர்னு பேரு. நாங்க இங்கரம்மாம்போம்.

அவங்க என்ன பண்ணாங்க, காட்டுல அங்கங்க கொஞ்சம் எடத்தச் சுத்தி ஒண்ணரை ஆளொசரம் கம்பி வேலி போட்டாங்க. மான் உள்ள போக முடியாது. பக்கத்துல அதே அளவு எடத்த வேலி இல்லாம விட்டாங்க. அஞ்சாறு வருசம் அப்படியே விட்டுட்டு, பனி உருகினதும் டிரோனப் பறக்க விட்டு, செடிக்கு ரெண்டாள் ஒசரத்துல இருந்து படமா எடுத்துத் தள்ளிட்டாங்க. கண்ணாலத்துல பறக்க விடறாங்கல்ல, அதே டிரோனுதான், இது இன்னும் ஒசத்தி. பெருசு பண்ணிப் பாத்தா எலைக் காம்பு தெரியும். அந்தப் படமெல்லாந்தான் எங்ககிட்ட வந்துது. ஒவ்வொரு செடிக்கும் கட்டம் போடணும். நல்லா இருந்தா பச்சை. மான் கடிச்சிருந்தா சிவப்பு. பனி பாரத்துல முறிஞ்சிருந்தா மஞ்சள். அவ்வளவுதான்.

கேக்க லேசா இருக்குதுல்ல? எனக்கும் அப்படித்தான் இருந்துது. பச்சை ஈசி. சிவப்பா மஞ்சளாங்கறதுதான் தலவலி. மேல இருந்து பாத்தா ரெண்டும் ஒரே மாதிரி, நுனி இல்லாம மொட்டையா நிக்கும். இதுல எங்க ஆபீசு வழக்கம் ஒண்ணு இருக்குது. ஒரே படத்த ரெண்டு பேருக்குக் குடுப்பாங்க, ஒருத்தர் போட்டது இன்னொருத்தருக்குத் தெரியாது. ரெண்டும் ஒத்துப் போச்சுன்னா ரெண்டு பேருக்கும் மார்க்கு. ஒத்துப் போகலைன்னா ரெண்டு பேருக்கும் போச்சு. தொண்ணூறுக்குக் கீழ மூணு வாரம் தொடர்ந்து எறங்குனா அந்த ஆளோட ஐடி கட். நாங்க போட்ட சட்டமில்ல, எங்களுக்கு வேலை குடுக்கற கம்பெனி போட்டது.

மொத வாரம் பாத்தா ஒருத்தருக்கும் அறுவது தாண்டல. ஒருத்தி சிவப்புன்னா ஒருத்தி மஞ்சள்ங்கறா. ரெண்டாவது வாரமும் அதே. இன்னும் ஒரு வாரம் போனா இருவத்திரெண்டு பேரும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தீனதயாளன் சாரு என்கிட்ட வந்து நின்னாரு. மேகலா, ஏதாவது பண்ணுன்னாரு.

நான் ஒரு மத்தியானம் பூரா அந்தப் படத்தையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தேன். அப்பத்தான் எனக்குத் தோணுச்சு. படத்துல வேலி தெரியுதா? தெரியுது. வேலிக்குள்ள மான் போகுமா? போகாது. அப்ப உள்ள முறிஞ்சிருக்கறது பூராம் பனியில முறிஞ்சது, மஞ்சள். வெளிய முறிஞ்சிருக்கறது பூராம் மான் கடிச்சது, சிவப்பு. இதுக்குப் போயி எதுக்கு இத்தன மண்டையக் கொழப்பிக்கணும்? ஒரு சார்ட்டு வாங்கிட்டு வந்து ஸ்கெட்ச்சுல பெருசா எழுதி சுவத்துல ஒட்டினேன். வேலிக்கு உள்ளே மஞ்சள், வெளியே சிவப்பு.

அந்த வாரம் எவ்வளவு தெரியுங்களா? தொண்ணூத்தி ஏழு.

இங்கரம்மா மெயில் அனுப்பியிருந்தாங்க. எத்தனையோ நாட்டுல இந்த வேலையக் குடுத்திருக்கோம், இந்த அளவு ஆளுக்கு ஆள் ஒத்துப்போயி நாங்க பாத்ததே இல்லைன்னு. என் பேரப் போட்டு ஒரு பாராட்டுக் கடிதமும் வந்துது. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க. எங்க மாமியாரு கூட அன்னிக்கு ஒண்ணும் சொல்லல.

இதுல நடுவுல வந்துது பாருங்க இந்தப் பாவாயக்கா.

பாவாயக்கா எங்க தெருவுலதான் இருந்தாங்க. நாப்பது வெள்ளாடு மேச்சவங்க. பிளஸ் டூ பாஸ். ஒருநா ஆட்ட ஓட்டிக்கிட்டு ரோட்டத் தாண்டறப்ப லாரிக்காரன் தட்டிட்டுப் போயிட்டான், வலது காலு ரெண்டா முறிஞ்சு பிளேட்டு வெச்சிருக்குது. நடக்கலாம், ஆனா நிக்க முடியாது. பத்து நிமிசம் சேந்தாப்புல நின்னா கால் வீங்கிக்கும். ஆடு பூராம் வித்துட்டாங்க. புருசன் இல்ல, ஒரே பொண்ணு, அதையும் கட்டிக் குடுத்தாச்சு. மகளிர் குழுவுல மூணு மாசம் கம்ப்யூட்டரு சொல்லிக் குடுத்தாங்கல்ல, அதுல சேந்து கத்துக்கிட்டு எங்கிட்ட வந்தாங்க. உக்காந்து செய்யற வேலையா ஒண்ணு இருந்தாச் சொல்லு அம்மிணி, வேற ஒண்ணும் வேண்டாம்னாங்க. நாந்தாங்க சாருகிட்டச் சொல்லிச் சேத்துவிட்டேன். அத மறந்துராதீங்க. நாந்தான் சேத்துவிட்டேன்.

ரோட்டுப் படத்துலயும் பல்லுலயும் அந்தக்கா ஒரு தொந்தரவும் பண்ணல. நாற்காலியில உக்காந்தா சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கமாட்டாங்க. காலுக்கு அடியில ஒரு பழைய சிபியூவப் போட்டு நீட்டிக்குவாங்க. இந்தக் காட்டு வேலை வந்ததுல இருந்துதான் அவங்களுக்குக் கிறுக்குப் புடிச்சுது. மத்தவங்க ஒரு நாளைக்கு எரநூறு படம் முடிச்சா இவங்க அறுவது. ஒவ்வொரு செடியையும் பெருசு பண்ணி, பெருசு பண்ணி, மூக்கு ஸ்கிரீன்ல இடிக்கற அளவுக்குக் குனிஞ்சு பாப்பாங்க. பாத்துட்டு வேலிக்கு உள்ள சிவப்பு போடுவாங்க. வெளிய இருக்கறதுல பாதிக்கு மஞ்சள் போடுவாங்க. சார்ட்டு அவங்க தலைக்கு நேரா மேலதான் ஒட்டியிருக்குது.

கூப்பிட்டுக் கேட்டேன். என்னக்கா, வேலிக்குள்ள மான் எப்படிப் போச்சு, ஏணி வெச்சு ஏறுச்சான்னேன். எல்லாரும் சிரிச்சாங்க. அந்தக்காவும் சிரிச்சாங்க.

"மானு போகல அம்மிணி. இது மானு கடிச்சதே இல்ல. இங்க வா, பாரு. ஆட்டுக்கு மேல்வாயில முன்பல்லு இருக்குதா? இல்ல. மாட்டுக்கும் இல்ல, மானுக்கும் இல்ல. அதுக இழுத்துத்தான் பிக்கும். பிச்ச எடத்துல நாரு தொங்கும். இதப் பாத்தியா, அருவாள்ல சாய்ச்சு வெட்டுன மாதிரி இருக்குது. இது மொசலு. பனி மேல ஏறி நின்னு கடிச்சிருக்குது. மொசலுக்கு இந்தக் கம்பி ஒரு வேலியா? கடிச்சதுக்குன்னு சிவப்பு ஒண்ணுதான குடுத்திருக்காங்க, அதான் அதப் போட்டேன்."

நானும் பாத்தேன். பாத்தேன்னா, பாத்த மாதிரி பாத்தேன். எனக்கு அதுல சாய்ச்சு வெட்டுனதும் தெரியல, நாரு தொங்கறதும் தெரியல. ஒரு மொட்டக் குச்சி தெரிஞ்சுது. அப்படியே அது மொசலுன்னே வெச்சுக்குவோம். அதுக்கு நான் என்னங்க பண்ணட்டும்? பச்சை இருக்குது, சிவப்பு இருக்குது, மஞ்சள் இருக்குது. மொசலுக்குக் கலர் குடுக்கலியே. அதத்தான் சொன்னேன். அக்கா, லிஸ்டுல மொசலு இல்லைன்னு.

லிஸ்டுல இல்லாட்டிக் காட்டுல இருக்குதேங்கறாங்க.

இப்படிப் பேசறவங்கள வெச்சுக்கிட்டு என்ன பண்றது? அந்த வாரம் அவங்க மார்க்கு அம்பத்தி எட்டு. அவங்களோட போச்சுன்னா பரவால்ல. இவங்களோட ஜோடி சேந்தவ மார்க்கும் எறங்குதுல்ல? அவ வந்து என்கிட்ட அழுவுறா. நான் பாவாயக்காகிட்ட நயமாச் சொல்லிப் பாத்தேன். மத்தியானம் சோத்துப் போசிய எடுத்துக்கிட்டு அவங்க பக்கத்துல போயி உக்காந்து சொன்னேன். அக்கா, உங்க காலு இருக்கற நெலமைக்கு இந்த நாற்காலி போச்சுன்னா வேற எங்க உக்காருவீங்க? சார்ட்டுல இருக்கற மாதிரி போட்டுட்டுப் போங்க, யாருக்கு என்ன நட்டம்னு. தலைய ஆட்டுனாங்க. மறுநா ஒரு முழு நாளு சார்ட்டுப்படி போட்டாங்க. எனக்கு நிம்மதியாப் போச்சு. சாயங்காலம் பாத்தா உக்காந்து போட்டதெல்லாத்தையும் ஒவ்வொண்ணா மாத்திக்கிட்டிருக்காங்க.

"கண்ணுல பாத்துட்டு எப்படி அம்மிணி மாத்திப் போடறது? கை வரமாட்டேங்குது."

வீம்புங்க. வேற என்ன சொல்றது? நான் கூடக் குறுக்க பூந்து, எனக்கு இருக்கற பவர்ல அவங்க போட்டத வாரா வாரம் நானே திருத்தி மார்க்க ஏத்தி வெச்சு, மூணு மாசம் அவங்க ஐடி கட் ஆகாம ஓட்டுனேன். கடேசியில அதையும் கண்டுபுடிச்சு, அத்தனையும் திருப்பி மாத்திட்டாங்க. நல்லது பண்ணப் போனா இப்படி.

அதுக்கப்பறம் அவங்க மார்க்கு ஏறவே இல்ல, அப்படி மூணாவது வாரம் வெள்ளிக்கெழம, இங்கரம்மா வீடியோவுல வந்தாங்க. வேலை முடியற நேரம், எல்லாருக்கும் நன்றி சொல்லணும்னு. பெரிய டிவியில தெரிஞ்சாங்க. நரச்ச முடி, நாம வெயில்ல கருக்கற மாதிரி வெயில்ல செவந்த மூஞ்சி, நம்ம காட்டு வேலை செய்யற பொம்பளைங்க மாதிரிதான் இருந்தாங்க. நீங்க போட்ட ஒவ்வொரு கட்டமும் எங்களுக்கு முக்கியம், இத வெச்சுத்தான் இந்த வருசம் எத்தன மான் சுடறதுன்னு எங்க ஜில்லாவுல முடிவு பண்ணப் போறாங்கன்னு சொன்னாங்க. நான் தமிழ்ல சொன்னேன். கடேசியா, உங்கள்ல யாராவது படத்துல ஏதாவது வித்தியாசமாப் பாத்தீங்களா, என்கிட்டச் சொல்லணுமான்னு கேட்டாங்க. மரியாதைக்குக் கேக்கறதுதானுங்க அது. யாரும் பேசமாட்டாங்கன்னு நெனைச்சுத்தான் கேப்பாங்க.

பாவாயக்கா மேசையப் புடிச்சுக்கிட்டு எந்திரிச்சாங்க.

எந்திரிச்சு நின்னுக்கிட்டே பேசுனாங்க. நிக்க முடியாத காலோட நின்னுக்கிட்டு. பல்லு, நாரு, மொசலு, எல்லாத்தையும் சொன்னாங்க. அம்மா, பாவம், பழிய அந்த மானு மேல போட்டுறாதீங்க, நான் ஆடு மேச்சவ, பொய் சொல்லமாட்டேன், ஒரு தடவை நீங்களே போயி குனிஞ்சு பாருங்கன்னாங்க. ரெண்டு நிமிசம் இருக்கும். தீனதயாளன் சாரு என்னப் பாக்கறாரு. இங்கரம்மா என்னப் பாக்கறாங்க, மொழிபேத்துச் சொல்லுவேன்னு.

நான் என்ன சொல்லட்டும்? நீங்களே யோசிச்சுப் பாருங்க. உள்ளதச் சொன்னா, அப்ப மத்த இருவத்தியோரு பேரும் எதப் பாத்துப் போட்டாங்கன்னு கேப்பாங்க. சார்ட்டு வெளிய வரும். சார்ட்ட எழுதுனது யாருன்னு வரும். நாலு மாச வேலை, அத்தனையும் மொதல்ல இருந்து. கம்பெனி எங்க ஆபீசையே வேண்டாம்னுட்டா? இருவத்திரெண்டு வீட்டு அடுப்புங்க. நான் ஒருத்திக்காக யோசிக்கல.

நான் இங்கிலீசுல சொன்னேன்: இவங்க ஆடு வளத்தவங்க, உங்க காட்டப் பாக்கப் பாக்க இவங்களுக்கு ரொம்பப் புடிச்சுப் போச்சாம், இந்த வேலை குடுத்ததுக்கு உங்களுக்கு நன்றி சொல்றாங்கன்னு.

இங்கரம்மா நெஞ்சு மேல கை வெச்சு அப்படிச் சிரிச்சாங்க. பாவாயக்காவப் பாத்துத் தலைய ஆட்டி ஆட்டி ஏதோ அவங்க பாசையில சொன்னாங்க. கண்ணு கலங்கிருச்சு அவங்களுக்கு.

பாவாயக்கா உக்காந்தாங்க. என் கையப் புடிச்சுக்கிட்டாங்க. "பாத்தியா அம்மிணி, சொன்ன உடனே அந்தம்மாவுக்குப் புரிஞ்சுது. நீதான் நல்லா எடுத்துச் சொன்ன"ன்னாங்க. எனக்கு அன்னிக்குச் சோறு எறங்கல, அதச் சொல்றதுக்கு என்ன.

திங்கக்கெழம அவங்க ஐடி கட் ஆயிருச்சு. மூணு வாரம் ஆயிருச்சுல்ல. நான் பண்ணலீங்க, கம்ப்யூட்டரே பண்ணிரும். அவங்க ஒண்ணும் சண்டை போடல. இங்கரம்மாவுக்குத்தான் தெரியுமே, அவங்க பாத்துட்டுக் கூப்பிடுவாங்கன்னு சொல்லிட்டு, காலுக்கு வெச்சிருந்த சிபியூவ ஓரமா நகத்தி வெச்சுட்டுப் போயிட்டாங்க. பத்து நாளைக்கு ஒருக்காப் போன் பண்ணுவாங்க. அந்தம்மா ஏதாவது சொன்னாங்களாம்பாங்க. இன்னும் இல்லீங்க்கான்னுவேன். அங்கெல்லாம் நெதானமாத்தான் பண்ணுவாங்க, சரியா இருக்கும்னுட்டு வெச்சிருவாங்க. ஒரு தடவை கூட என்னத் திட்டல. ஒரு தடவை திட்டியிருந்தா எனக்கு எவ்வளவோ நல்லா இருந்திருக்கும். அதுதாங்க எனக்குக் கோவம். மனுசின்னா கோவம் வரணும்ல?

எலச்சிபாளையம் வந்துருச்சா? இன்னும் இல்லையா. சரி.

புரட்டாசியில ரிப்போர்ட்டு வந்துது. எங்களுக்கும் ஒரு காப்பி அனுப்பியிருந்தாங்க. வேலிக்கு உள்ள ஒரு செடியக் கூட ஒண்ணும் கடிக்கல, வெளிய பாதிக்கு மேல கடிபட்டிருக்குது, சந்தேகமே இல்ல, மானுதான்னு போட்டிருந்துது. பின்னே, அப்படித்தான வரும்? அடியில சின்ன எழுத்துல ஒண்ணு இருந்துது. ஒரு பணியாளர் போட்டது மத்தவங்களோட ஒத்துப் போகாததால அவரோட நாலாயிரத்து நூறு படம் கணக்குல சேக்கலைன்னு. பேரு இல்ல, ஐடி நம்பரு மட்டும். எனக்குத் தெரியாத நம்பரா?

ஐப்பசியில சுட்டாங்க. அந்த ஜில்லாவுல இருந்ததுல பாதிக்கு மேல. நான் நெட்டுல படம் பாத்தேன். வண்டியில ஏத்தி வெச்சிருந்தாங்க, கழுத மூஞ்சி தொங்கிக்கிட்டு. பாக்காம இருந்திருக்கலாம்.

கார்த்திகையில ஆபீசையும் மூடிட்டாங்க. மிசினு நல்லாக் கத்துக்கிச்சாம், இனி கட்டம் போட ஆளு வேண்டாமாம். மூடறதுக்கு முன்ன, மிசினு போட்ட ஆயிரம் படத்த என்கிட்ட அனுப்பிச் சரி பாக்கச் சொன்னாங்க. தப்புக் கண்டுபுடிக்க ஒண்ணுமில்லீங்க. உள்ள மஞ்சள், வெளிய சிவப்பு. நான் சொல்லிக் குடுத்த மாதிரியே போடுது. எல்லாம் சரின்னு எழுதிக் குடுத்துட்டு வந்தேன்.

அதுக்கப்பறம் வீட்டுலயேதான். நூல் மில்லுக்குக் கேட்டேன், வயசு முப்பத்தி நாலாங்கறான். ஜெராக்ஸ் கடையில ஒரு மாசம். எங்க வீட்டுக்காரருக்கும் ரிக்கு வண்டி ஓட்டம் கம்மி. பாவாயக்காவுக்கு எப்படியோ தெரிஞ்சிருக்குது. அவங்களே போன் பண்ணாங்க. அவங்க இப்ப நான் எறங்கப்போற ஸ்டாப்புல இருக்கற கோழிப்பண்ணையிலயே தங்கி முட்டை பொறுக்கறாங்க. பொறுக்கி, அட்டையில அடுக்கி, வண்டி வர்ற வரைக்கும் எண்ணி வெக்கணும். காலைல ஆறு மணியில இருந்து நின்னுக்கிட்டேதான். காலு எப்படிக்கா தாங்குதுன்னேன். வீங்கும், வீங்கட்டும், என்ன பண்றதுன்னாங்க. சூப்பர்வைசர்கிட்ட உனக்குச் சொல்லி வெச்சிருக்கேன், திங்கக்கெழம வந்துரு அம்மிணி, நான் ஸ்டாப்புல வந்து கூட்டிக்கறேன்னாங்க. அதுக்குத்தான் போறேன்.

இருங்க, இன்னும் சொல்லல. முந்தாநேத்து ஒரு மெயில் வந்துது. இங்கரம்மாகிட்ட இருந்து, என் பேருக்கே.

இந்த வருசம் பனி உருகிப் போயி பாத்திருக்காங்க. மான் பாதியாக் கொறைஞ்சும் செடி மேல வரல. வேலிக்கு உள்ளயும் மொட்டை, வெளியயும் மொட்டை. அவங்களே குனிஞ்சு பாத்தாங்களாம். பாத்துட்டு, போன வருசப் படத்தையெல்லாம் திரும்ப எடுத்துப் பாத்திருக்காங்க. அதுல ஒரே ஒரு ஐடி மட்டும் வேலிக்குள்ள சிவப்பு போட்டிருக்குதாம், அத்தனையும் சரியாம். அவங்க யாரு, அவங்களோட நான் பேசணும், அவங்க சம்மதிச்சா எல்லாப் படத்தையும் அவங்க ஒருத்தரே திரும்பப் பாக்கட்டும், கம்ப்யூட்டரு நாங்க வாங்கித் தர்றோம், அவங்க வீட்டுலயே உக்காந்து பாத்தாப் போதும்னு எழுதியிருந்தாங்க.

நாலு தடவை படிச்சேன்.

பாவாயக்காவோட பேச விட்டா, அன்னிக்கே சொன்னேனே தாயின்னு மொத வார்த்தையாவே சொல்லிருவாங்க. வேற யாராவது மொழிபேப்பாங்க, நான் இல்லாம. அந்த வீடியோவும் அங்க ரெக்கார்டு ஆகியிருக்கும். அந்தப் பாராட்டுக் கடிதம் ஒண்ணுதாங்க என்கிட்ட இருக்கறது. வேற எடத்துல வேலை கேட்டா அதத்தான் காட்டணும். போகட்டும், சொல்லியும் என்ன பிரயோசனம்? செத்த மான் எந்திரிச்சு வரப்போகுதா?

நேத்துப் பதில் போட்டுட்டேன். அந்த ஐடியில வேலை செஞ்சவங்க வேலைய விட்டுட்டுப் போயிட்டாங்க, இப்ப எங்க இருக்காங்கன்னு எங்களுக்குத் தெரியாதுன்னு. வருத்தமா இருக்குன்னு அவங்க ஒரு வரி அனுப்பியிருந்தாங்க. அதோட முடிஞ்சுது.

என்ன அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன, அவங்க குடியக் கெடுக்கணும்னா நெனைச்சேன்? நாந்தாங்க அவங்கள அந்த வேலையிலயே சேத்துவிட்டது.

கொஞ்சம் காலை நகத்துங்க, ஸ்டாப்பு வந்துருச்சு. கண்டக்டர், எறங்கணுங்க. பைய எடுத்துக் குடுங்க, ஆங். அதா, அந்தப் புளியமரத்துக்கு இந்தப் பக்கம், பச்சை சேலை. நெழலு இருக்கறப்ப வெயில்ல வந்து நிக்கறாங்க பாருங்க, பஸ்ஸு என்ன எறக்கி விடாமப் போயிருமோன்னு. எவ்வளவு நேரமா நிக்கறாங்களோ. எறங்குன உடனே ஏன் அம்மிணி, அந்தம்மா ஏதாவது சொன்னாங்களான்னுதான் கேப்பாங்க. இன்னும் ஒண்ணும் வரலீங்க்கான்னு சொல்லணும்.